இரண்டு பாலங்களுக்கு அடியில் ஒரு பாய்ப்படகு



டென்மார்க்கில் வாழும் எம்மில் பலர் லில்லெபெல்ட் நீரிணையை ஒரு தடவையாவது கடந்திருப்போம். ஆனால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. நான் முதன்முதலாகக் கடந்தது 2010ஆம் ஆண்டு. சண்ட்ஹோம் முகாமிலிருந்து யூலாந்து முகாமொன்றுக்கு மாற்றிய நாள். ரயில் பழைய பாலத்தில் ஏறியபோது பக்கத்திலிருந்த பெடியன் "அண்ணை, கீழே கடல்" என்றான். நான் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையையே பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள்தான் என் கடதாசிகள் எல்லாம் இருந்தன.

இப்போது அந்தப் பாலத்தின் பக்கத்து நகரமான பிரெடரீசியாவில்தான் குடும்பத்தோடு இருக்கிறேன். உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இந்த நீரிணையில் பாய்ப்படகில் போன இரண்டு பயணங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் பயணத்தில் நான் விட்ட பிழையையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களில் யாரையாவது வேலைத்தலத்து டெனிஷ்காரர் நாளைக்குப் படகில் வரச்சொல்லிக் கேட்கக்கூடும். அப்போது உதவும்.

எங்கள் ஊரும் இந்த ஊரும்

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முல்லைத்தீவுக் கரையில் அப்பாவோடு தொழிலுக்குப் போனவன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் எரிபொருளுக்குத் தடை இருந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. வெளியிணைப்பு மோட்டர் வீட்டுக் கோடிக்குள் சாக்கால் மூடிக் கிடந்தது. அப்பா பழைய பாயை எடுத்துத் தைத்தார். நான் பாய் பிடிக்கப் பழகியது விளையாட்டுக்கு அல்ல, அடுப்பெரியத்தான்.

எங்கள் படகில் மோட்டர் பின்பலகையில் தொங்கும். பாய் விரித்தால் மோட்டரைச் சரித்துத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடுவோம். அத்தோடு அதன் கதை முடிந்தது. இங்குள்ள பாய்ப்படகில் அப்படி முடியாது. எஞ்சின் படிக்கட்டுக்குக் கீழே, படகின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கியர்ப்பெட்டி. அதிலிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அதன் நுனியில் புறொப்பெல்லர், அதாவது விசிறி. எஞ்சினை நிற்பாட்டினாலும் விசிறி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாததால்தான் நான் பிழை விட்டேன்.

பிரெடரீசியா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1650இல் மூன்றாம் பிரெடரிக் அரசன் கட்டிய கோட்டை நகரம் இது. மண் மதில்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க நல்ல இடம். எல்லையோரக் கோட்டைக்குள் குடியிருக்க ஆட்கள் வரவில்லை. அதனால் அரசர்கள் வேறு மதத்தவர்களுக்கும் இங்கே இடமும் வழிபாட்டுச் சுதந்திரமும் கொடுத்தார்கள். யூதர்கள் வந்தார்கள், கத்தோலிக்கர் வந்தார்கள். 1720ஆம் ஆண்டையொட்டி பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் வந்து புகையிலை பயிரிட்டார்கள். அகதிகள் வந்து தோட்டம் செய்த ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த மதிலில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் உரிமை வந்தது போல இருக்கிறது.

முதல் பயணம்

எங்கள் போர்மன் அறுபது வயதைத் தாண்டியவர். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாயால் கூப்பிடுகிறேன், மனதுக்குள் ஐயா என்றுதான் வைத்திருக்கிறேன். அவரிடம் 29 அடி நீளமான பழைய பைபர் படகு ஒன்று இருக்கிறது. ஒரு மே மாதச் சனிக்கிழமை வரச்சொன்னார். நான் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனேன். மனைவியையும் மகளையும் கேட்டார். மனைவி வரமாட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரைக்குள் வந்தபோது அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் கடலுக்கு முகம் கொடுத்ததில்லை. டென்மார்க்கில் எந்த மூலையில் இருந்தாலும் கடல் 52 கிலோமீற்றருக்குள் இருக்கும். ஆனாலும் அவள் கடலுக்கு முதுகைக் காட்டியே வாழப் பழகியிருந்தாள்.

காற்று வடகிழக்கு. துறைமுகத்திலிருந்து எஞ்சினில் வெளிக்கிட்டு வெளியே வந்ததும் பாய்களை ஏற்றினோம். போர்மன் எஞ்சினை நிற்பாட்டினார். பாய் இழுக்கத் தொடங்கியதும் காலுக்குக் கீழே ஒரு உறுமல் கேட்டது. படகு வேகம் பிடிக்கப் பிடிக்க உறுமலும் கூடியது. எஞ்சின்தான் நின்றுவிட்டதே, பிறகு என்ன சத்தம் என்று யோசித்தேன். தண்ணீர்தான் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறி தண்டைச் சுற்ற, தண்டு கியர்ப்பெட்டிக்குள் பற்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கியரைப் போடு, நின்றுவிடும்" என்று போர்மன் முன்னாலிருந்து சொன்னார். படகு முன்னால்தானே போகிறது, கியரும் முன்னாலேதான் என்று நினைத்து நெம்பை முன்னுக்குத் தள்ளினேன். உறுமல் நிற்கவில்லை, இழுபட்டு இழுபட்டு வந்தது. அவர் ஓடிவந்து "பாக்! பாக்!" என்றார். பாக் என்றால் டெனிஷில் பின்னுக்கு. நெம்பைப் பின்னுக்கு இழுத்ததும் சத்தம் கத்தியால் வெட்டியது போல நின்றது.

அதற்குப் பிறகு அருமையான ஓட்டம். இடது கையில் ஃபூன் தீவு, வலது கையில் யூலாந்து. முதலில் வருவது 1970இல் திறந்த புதிய பாலம். தொங்கு பாலம், தண்ணீரிலிருந்து 44 மீற்றர் உயரம். அதன் கீழே போகும்போது மேலே போகும் லொறிகளின் சத்தம் இடி போல விழும். அடுத்தது 1935இல் கட்டிய பழைய பாலம், 33 மீற்றர் உயரம். ரயில் போவது இதில்தான். 2015இலிருந்து பாலத்தின் உச்சிச் சட்டங்களில் ஆட்களை நடக்கவிடுகிறார்கள். நாங்கள் கீழே போனபோது மேலே எறும்பு வரிசை போல ஆட்கள் தெரிந்தார்கள்.

இரண்டு பாலங்களுக்கும் இடையில் நீரிணை ஒடுங்கி, ஆறு போல ஓடுகிறது. பால்டிக் கடலுக்கும் கட்டெகாட் கடலுக்கும் இடையே தண்ணீர் போய்வரும் வாசல்களில் இதுவும் ஒன்று. இந்த நீரோட்டம் பெரும்பாலும் காற்றையும் காலநிலையையும் பொறுத்தது. காலையில் ஒரு பக்கம் ஓடினால் மாலையில் மறுபக்கம் ஓடலாம். மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல் வேகம் இங்கே புதினமல்ல.

பழைய பாலத்துக்குக் கிட்ட வந்தபோது காற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது. நீரோட்டம் எங்களைத் தூண் பக்கமாகக் கொண்டுபோனது. "எஞ்சினைப் போடு" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். கியர் இன்னும் பின்னுக்கே இருந்ததை மறந்துவிட்டேன். சில எஞ்சின்கள் கியரில் இருந்தால் இயங்கவே தொடங்காது. இந்தப் பழைய எஞ்சினில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இயங்கியது, விசிறியும் பின்னுக்குச் சுற்றியது. இன்னொரு பிழையும் என்னுடையதே. முன்பாயின் கயிற்று நுனி என் பக்கத்தால் தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை. விசிறி அதை உறிஞ்சி எடுத்தது. 'டக்' என்று எஞ்சின் நின்றது.

இப்போது எஞ்சினும் இல்லை, காற்றும் சொற்பம். பாலத்தின் தூண் இருபது யார் தூரத்தில் பெரிய கறுப்புச் சுவர் போலக் கடந்து போனது. தூணடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மனைவியும் பிள்ளையும் படகில் இல்லாதது எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன். போர்மன் ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த காற்றைப் பெரிய பாயில் பிடித்து, நீரோட்டத்தோடு பாலத்தைக் கடந்து, கரையோரம் ஆழம் குறைந்த ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டார்.

பிறகு சாவியைக் கழற்றி தன் பொக்கற்றுக்குள் வைத்தார். நெம்பை நடுவுக்குக் கொண்டுவந்தார். நான் படிக்கட்டைக் கழற்றி உள்ளே குனிந்து, தண்டைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினேன். பின்னுக்குச் சுற்றும்போது சுற்றிய கயிறு, முன்னுக்குச் சுற்றினால்தானே கழரும். மேலே அவர் கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தார். ஒன்பது சுற்று. கயிறு வந்துவிட்டது. அதன் ஒரு பக்கம் உருகிப் பொசுங்கியது போல இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்து, "கயிறு வாங்கலாம், விரல் வாங்க முடியாது. நீ சாவியைக் கழற்றும்வரை உள்ளே கை வைக்கவில்லையே, அது போதும்" என்றார்.

நான் விளங்கிக்கொண்டது

அடுத்த கிழமை இடைவேளை நேரங்களில் போர்மன் கியர்ப்பெட்டியின் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். என்னுடைய டெனிஷில் விளங்கியதை இங்கே தருகிறேன்.

பாயில் ஓடும்போது தண்ணீர் விசிறியை எப்போதும் முன்னுக்குப் போகும் திசையிலேயே சுற்றப் பார்க்கும். கியரைப் பின்னுக்குப் போட்டால், தண்ணீரின் அந்த விசை கியர்ப்பெட்டியின் கிளச்சை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் செய்யும். அதனால் தண்டு அசையாமல் நிற்கும். முன்னுக்குப் போட்டால் விசை மாறி விழும். கிளச் இறுகாமல் வழுக்கி வழுக்கித் தேயும். நான் கேட்ட இழுபடும் சத்தம் அதுதான். இந்தப் பெட்டியின் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: பாயில் போகும்போது நடுவில் விடலாம், அல்லது பின்னுக்குப் போடலாம், ஒருபோதும் முன்னுக்குப் போடக்கூடாது.

ஆனால் இது எல்லாப் படகுக்கும் பொதுச் சட்டம் அல்ல. சில தயாரிப்பாளர்கள், நிலையான விசிறி என்றால் நடுவில்தான் விடவேண்டும், பின்னுக்குப் போட்டால் கிளச் கெடும் என்கிறார்கள். எண்ணெய் அமுக்கத்தால் வேலை செய்யும் சில பெட்டிகளில் எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். அவற்றில் தண்டை நீண்ட நேரம் சும்மா சுற்றவிட்டால் உள்ளே எண்ணெய் போகாமல் சூடேறும். கியரைப் போட்டாலும் பிடிக்காது. அதற்குத் தண்டையே பூட்டும் தனிப் பூட்டு வேண்டும். ஆகவே முதலில் அந்தப் படகின் புத்தகத்தைக் கேளுங்கள்.

நடுவில் விடுவதை டெனிஷில் 'ஃப்ரீகியர்' என்பார்கள். 'ஃப்ரீ' என்றால் சுதந்திரம். வேலையில் லீவுக்கும் அதே சொல்தான். விசிறியைச் சுதந்திரமாக விட்டால் படகை இழுக்கும் தடை குறைவு. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வும் நிலையான விசிறியைப் பூட்டி வைத்தால்தான் தடை கூட என்று காட்டியது. ஆனால் சும்மா சுற்றினால் சத்தம் வரும். தண்டைத் தாங்கும் றப்பர் பெயாரிங்கும் தேயும். வேகம் வேண்டுமா, அமைதி வேண்டுமா என்பதுதான் கணக்கு.

பணம் உள்ளவர்கள் மடங்கும் விசிறி போடுகிறார்கள். டென்மார்க்கில் உருவான 'கோரி' அதில் பெயர்பெற்றது. எஞ்சின் நின்றால் அதன் இலைகள் தாமரை மொட்டுப் போலப் பின்னுக்குக் கூம்பிவிடும். தண்டு சுற்றிக்கொண்டே இருந்தால் இலைகள் மடங்காது. ஆகவே அதற்குப் பொதுவாகக் கியரைப் பின்னுக்குப் போட்டுத் தண்டை நிற்பாட்ட வேண்டும். எங்கள் போர்மனுடையது இரண்டு இலை கொண்ட நிலையான விசிறி. இரண்டு இலையும் நெட்டாக, அடிக்கட்டையின் மறைவில் நின்றால் தடை குறையும். தண்டை அந்த நிலைக்குச் சுற்றி வைத்து, உள்ளே தெரியும் பகுதியில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு மேலே பார்த்தால் இலை நெட்டுக்குத்து.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் மெஷினைத் திறக்க முதல் பூட்டுப் போட்டு சிவப்பு அட்டை தொங்கவிடுவோம். அதே போல ஒரு சிவப்புத் தகட்டில் ஒரு பக்கம் டெனிஷில் 'பாக்' என்றும் மறுபக்கம் தமிழில் 'பின்' என்றும் பொறித்துக் கொடுத்தேன். கியரைப் பின்னுக்குப் போட்டால் தகடு சாவித் துவாரத்தை மூடித் தொங்கும். தகட்டை எடுக்காமல் சாவி போட முடியாது, எடுக்கும்போது கியர் ஞாபகம் வரும். போர்மன் அதைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் காட்டினார். தமிழ் எழுத்தைப் பார்த்து இது எந்த மொழி என்று கேட்டார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன கதையைச் சொன்னேன். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டார்கள்.

இரண்டாம் பயணம்

ஓகஸ்டில் மகள் அடம்பிடித்தாள். அவளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் நீச்சல் படிக்கிறாள். பிள்ளையைத் தனிய விட மனமில்லாமல் மனைவியும் வந்தாள். உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டி, படகின் நடுவில், கரையைப் பார்த்தபடி இருந்தாள்.

எஞ்சின் நின்று பாய் இழுக்கத் தொடங்கியதும் அந்த உறுமல் வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்னப்பா, கீழே என்னவோ உறுமுது?"

கடல் வருமுன் ஒரு இரைச்சல் கேட்டது என்று அவள் முன்பு சொல்லியிருக்கிறாள். எனக்கு அது உடனே ஞாபகம் வந்தது.

"பயப்பிடாதையும். அது கடல் இல்லை. விசிறி சும்மா சுத்துது. இப்ப நிப்பாட்டுறன் பாரும்."

போர்மனைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். நெம்பைப் பின்னுக்கு இழுத்து, சிவப்புத் தகட்டைத் தொங்கவிட்டேன். உறுமல் நின்றது. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டும் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டது போல, 'புஃப்' என்று. திரும்பினால், கறுத்த முதுகு ஒன்று தண்ணீரைக் கிழித்து உருண்டு மறைந்தது. பின்னால் சின்னதாய் இன்னொன்று.

"அப்பா, மார்ஸ்வின்! மார்ஸ்வின்!" என்று மகள் கத்தினாள். மார்ஸ்வின் என்றால் அவர்கள் வகுப்பில் கூட்டில் வளர்க்கும் கினிப்பன்றிக்கும் பெயர், கடலில் இருக்கும் இந்தச் சின்ன ஓங்கிலுக்கும் அதே பெயர். டெனிஷின் வேடிக்கை. முற்காலத்தில் மிட்டெல்பார்ட் மீனவர்கள் இதைப் பிடித்து விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தார்களாம். இப்போது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

மனைவி எழும்பவில்லை. ஆனால் கரைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, அது மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாயும் பிள்ளையும் போல" என்றாள். அன்று பாலம் இரண்டையும் தாண்டி மிட்டெல்பார்ட் துறைமுகம் போகும் வரை அவள் மறுபடி முதுகைத் திருப்பவில்லை. இறங்கும்போது, "இனி வரேக்க பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வருவம்" என்று மட்டும் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு

உடுப்பு இரண்டு மடங்கு எடுங்கள். கோடையிலும் தண்ணீரின் மேல் குளிர். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கயிற்றைக் கையில் தந்தால் அதன் நுனியும் உங்கள் பொறுப்பு. எஞ்சினைப் போட முதல் படகைச் சுற்றிப் பாருங்கள், தண்ணீருக்குள் ஒரு கயிறும் இருக்கக்கூடாது. பிறகு கியர் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் சாவி.

பாயும் விரித்து எஞ்சினாலும் ஓடினால் கடற்சட்டப்படி அது பாய்ப்படகு அல்ல, எஞ்சின் படகு. பகலில் முன்னால் கூர் கீழே பார்த்த கறுப்புக் கூம்பு ஒன்று தொங்கவிட வேண்டும். படகு நன்றாகச் சரிந்து ஓடும்போது எஞ்சினை நெடுநேரம் ஓடவிடாதீர்கள். எண்ணெயும் குளிர்த்தும் தண்ணீரும் சரியாக ஏறாமல் போகலாம்.

விளங்காததை உடனே கேளுங்கள். "விளங்கிவிட்டது" என்று தலையாட்டுவது எங்களிடம் உள்ள பழைய பழக்கம். வேலைத்தலத்திலும் கொம்யூன் அலுவலகத்திலும் நான் பல தடவை அப்படித் தலையாட்டியிருக்கிறேன். அன்று "கியரைப் போடு" என்றபோது "முன்னுக்கா, பின்னுக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தூணடிக்கு நாங்கள் போயிருக்கத் தேவையில்லை.

அடுத்த முறை ரயிலில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தால் கை காட்டுங்கள். நாங்களாகவும் இருக்கலாம்.